இளைஞர் முகாமும் ஈகைப் பண்பும்

ஆண்டுதோறும் நம் கிராமங்கள் பலவற்றிற்குக் கல்லூரி மாணவர்களும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் முகாமிட வருகின்றனர். அவர்கள் வருமுன் பஞ்சாயத்திற்குக் கடிதம் ஒன்று வரும். தங்குவதற்குப் பள்ளிக் கட்டடமோ சமுதாயக் கூடமோ வேண்டும். குடிநீரும் விளக்கும் வேண்டும். செய்வதற்கு ஏதேனும் பணி வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருக்கும். இக்கடிதத்தைக் கண்டதும் உறுப்பினர் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. “மண்வெட்டி பிடித்தறியாத பிள்ளைகள் ஏழு நாள் வந்து போவதால் ஊருக்கு ஆவதென்ன?” என்பதே அவ்வினா.

வினா நியாயமானதே. பழகிய உழைப்பாளிகள் சிலர் ஒரு பகலில் வெட்டும் மண்ணைப் பழகாத மாணவர் ஐம்பதின்மர் இரண்டு நாளிலும் வெட்டமாட்டார். வெட்டிய மண்ணை மட்டும் அளந்து பார்த்தால் முகாம் நமக்கு நட்டக் கணக்காகவே தோன்றும். ஆனால் முகாமின் விளைச்சல் மண்ணளவில் இல்லை. அது இரண்டு வகையாக வெளிப்படுகிறது. முகாமில் கலந்துகொள்ளும் இளைஞனிடம் தன்னம்பிக்கை வளர்வது முதலாவது. அவன் வளர்ந்து பொருளும் செல்வாக்கும் பெறும் காலத்தில் பிறர்க்குக் கொடுக்கும் மனம் உடையவனாவது இரண்டாவது. இவ்விரண்டும் எவ்வாறு விளைகின்றன, எப்பொழுது விளையாமற் போகின்றன, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதில் ஆற்றத்தக்க பங்கு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முகாம் முறை தோன்றிய வரலாறு

இளைஞர்களை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே அழைத்துச் சென்று பயிற்றும் முறைக்கு உலகெங்கும் முன்மாதிரியாக அமைந்தது 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்த ஒரு சிறு முகாம். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ என்னும் தீவில், ஏறத்தாழ இருபது சிறுவர்களுடன் பேடன் பவல் அம்முகாமை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒருங்கே தங்கினர். வசதியுடையோர் ஒரு பவுனும், ஏனையோர் மூன்றரை ஷில்லிங்கும் கட்டணமாகக் கொடுத்தனர். சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் மூத்த சிறுவன் ஒருவனே தலைவன். அணியின் ஒழுங்குக்கு அச்சிறுவனே பொறுப்பு. சிறுவரிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைத்தலே அம்முகாமின் புதுமை. சாரணர் இயக்கம் இதிலிருந்தே வளர்ந்தது.

நம் நாட்டில் இவ்வியக்கம் 1909-ஆம் ஆண்டில் தொடங்கிய காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமளிக்கப்படவில்லை. அக்குறையைப் போக்க, அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ஆம் ஆண்டில் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் ஒன்றை நிறுவினார். நாடு விடுதலை பெற்ற பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பல்வேறு சங்கங்களும் ஒன்றுபட்டுப் பாரத சாரண சாரணியர் இயக்கமாக உருப்பெற்றன.

இரண்டாவது முன்மாதிரி போர்க்காலத்தில் பிறந்தது. 1941-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் அபர்டோவி என்னும் ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் இருவர். ஒருவர் குர்ட் ஹான் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர். இட்லரை எதிர்த்ததற்காக 1933-இல் சிறைப்பட்டு, பின்னர் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். மற்றவர் லாரன்ஸ் ஹோல்ட் என்னும் கப்பல் தொழிலதிபர். பகைவரின் தாக்குதலால் கப்பல் மூழ்கி, உயிர்காப்புப் படகில் நாட்கணக்கில் மிதக்க நேர்ந்தபோது, உடல்வலி மிக்க இளம் மாலுமிகள் மாண்டுபோவதையும், பாய்மரக் கப்பல்களில் பழகிய வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்து வருவதையும் ஹோல்ட் கவனித்தார். இளைஞர்க்குக் குறைவாயிருந்தது உடல் வலிமையன்று; தம்மாலும் தம் தோழராலும் இடரைத் தாங்க இயலும் என்ற உறுதியே என்று அவர் முடிவு செய்தார். அவ்வுறுதியை ஊட்ட ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி வகுக்கப்பட்டது. படகு செலுத்துதல், மலை நடை, பிறர் உயிரை மீட்டல் ஆகியவை அதில் இடம்பெற்றன. துறைமுகத்தை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல்லே அப்பள்ளியின் பெயராயிற்று. ‘அவுட்வர்ட் பவுண்டு’ என்னும் அப்பெயரில் இன்று பல நாடுகளில் இத்தகைய பள்ளிகள் நடைபெறுகின்றன.

தன்னம்பிக்கை பிறக்கும் வழி

தன்னம்பிக்கை அறிவுரையால் மட்டும் வருவதன்று. 1977-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பந்தூரா என்னும் உளநூல் அறிஞர், “என்னால் இது இயலும்” என்ற எண்ணம் நான்கு ஊற்றுக்களிலிருந்து பெருகுவதாக விளக்கினார். ஒரு செயலைத் தானே செய்து முடித்தல் முதலாவது. தன்னை ஒத்தவர் செய்யக் காணுதல் இரண்டாவது. பிறர் ஊக்குவித்தல் மூன்றாவது. அச்சமும் பதற்றமும் தணிந்த மனநிலை நான்காவது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கண்ட முடிவு. நல்ல முகாமில் இந்நான்கும் ஒருங்கே கிடைக்கின்றன. அடுப்பு மூட்டி அறியாத மாணவன் தன் அணியினர்க்குச் சோறாக்குகிறான், தன்னைப்போன்ற மாணவி ஒருத்தி ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுவதைக் காண்கிறான், தோழர் ஊக்கமளிக்கின்றனர், முதல் நாள் இருந்த கூச்சம் மூன்றாம் நாள் இருப்பதில்லை.

ஆயினும் கடினம் படிப்படியாக ஏறவேண்டும். மிளகாய், கத்தரி நாற்றுக்களை வளர்ப்போர் இதனை நன்கு அறிவர். நாற்றைப் பிடுங்கி நடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நீரைக் குறைத்து, நிழலை நீக்கி, வெயிலுக்குப் பழக்குகிறோம். நிழலிலேயே வளர்ந்த நாற்று வயலில் வாடும். ஒரே நாளில் கடும் வெயிலில் விடப்பட்ட நாற்றும் கருகும். இளைஞர் நிலையும் இதுவே. முதல் நாளிலேயே தாங்கவொண்ணா வேலையைத் தந்தால் அவர்கள் மனம் தளர்வர். ஏழு நாளும் விருந்தினராக உட்கார வைத்தால் வந்தபடியே திரும்புவர்.

இத்தகைய பயிற்சியின் பயன் நிலைக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. ஜான் ஹாட்டி முதலிய நால்வர், அதுவரை வெளிவந்திருந்த 96 ஆய்வுகளைத் திரட்டி, 12,057 பேரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தன்னம்பிக்கையிலும் முடிவெடுக்கும் திறனிலும் ஏற்பட்ட வளர்ச்சி, பயிற்சி முடிந்த பின் தேய்ந்துவிடவில்லை. மேலும் சிறிது கூடியதாகவே அவர்கள் கண்டனர். அதே சமயம் பயிற்சிக்குப் பயிற்சி பயன் பெரிதும் வேறுபட்டது. நீண்ட நாள் பயிற்சிகள் குறுகிய பயிற்சிகளைவிட மேலான பயனைத் தந்தன. ஆகவே முகாம் என்ற பெயர் மட்டும் பயனளிக்காது. அதனை நடத்தும் முறையே பயனளிக்கும்.

தேனீ வளர்ப்பவர் மகன்

முகாமில் பெற்ற ஊக்கம் பிற்காலத்தில் கொடையாக மலர்ந்தமைக்கு உலகறிந்த ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். நியூசிலாந்து நாட்டில் துவாகாவ் என்னும் சிற்றூரில் தேனீ வளர்ப்பவர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர் எட்மண்ட் ஹில்லாரி. ஆக்லாந்து நகரத்துப் பள்ளிக்கு நாள்தோறும் நெடுநேரம் ரயிலில் சென்று வந்தார். உடன் பயின்றோரினும் வயதிற் சிறியவர், கூச்சம் மிகுந்தவர். 1935-ஆம் ஆண்டில், அவருடைய பதினாறாம் வயதில், பள்ளியார் மாணவர் குழு ஒன்றை ருவாபெகு என்னும் பனிமலைக்கு அழைத்துச் சென்றனர். ஹில்லாரி பனியை முதன்முதலாகக் கண்டது அன்றுதான். மலையின்மீது அவருக்கு ஏற்பட்ட நாட்டம் அப்பயணத்தில் தோன்றியதே. பின்னர்த் தம் தம்பியுடன் தேனீ வளர்ப்புத் தொழிலைச் செய்துகொண்டே மலையேற்றம் பயின்றார். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலாக அடைந்த செய்தியை யாவரும் அறிவோம்.

நாம் கருதத்தக்கது அதற்குப் பின் நடந்தது. மலையடிவாரத்து ஷெர்ப்பா மக்களிடம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று ஹில்லாரி கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது அவர்கள் விடையாயிற்று. 1960-ஆம் ஆண்டில் இமாலய அறநிலையம் ஒன்றை அவர் தோற்றுவித்தார். 1961-இல் கும்ஜுங் கிராமத்தில் முதற்பள்ளி எழுந்தது. 1964-இல் லுக்லாவில் விமானத் தளமும், 1966-இல் குண்டே கிராமத்தில் மருத்துவமனையும் அமைந்தன. காலப்போக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் உருவாயின. நன்கொடை திரட்டியதோடு நில்லாமல், கட்டடப் பணியில் கிராம மக்களோடு சேர்ந்து அவரே உழைத்தார். 1975-ஆம் ஆண்டில், பாப்லு என்னுமிடத்தில் மருத்துவமனை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபொழுது, அங்கு வந்துகொண்டிருந்த அவர் மனைவியும் இளைய மகளும் காத்மாண்டு அருகே விமான விபத்தில் உயிரிழந்தனர். அத்துயரத்திற்குப் பின்னும் அவர் பணியை விட்டுவிடவில்லை. 2008-ஆம் ஆண்டில் மறையும்வரை அம்மக்களுடன் அவர் கொண்ட தொடர்பு நீடித்தது. சிறுவயதில் அவர் பனியைக் கண்ட அம்மலை வட்டாரத்திலேயே, இளைஞர்களுக்கான திறந்தவெளிப் பயிற்சி நிலையம் ஒன்று 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, அவர் பெயரைத் தாங்கி நடந்து வருகிறது.

அவருடன் சிகரம் ஏறிய டென்சிங்கும் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் முதற்களப் பயிற்சித் தலைவராகப் பொறுப்பேற்று, இளைஞர் பலருக்குப் பயிற்சியளித்தார்.

கிராமப் பெண் ஒருத்தியின் துணிவு

பெண்மக்களை முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் பச்சேந்திரி பாலின் வாழ்வை அறிதல் நலம். உத்தரகாசி மாவட்டத்து நகுரி என்னும் மலைக் கிராமத்தில் பிறந்தவர் அவர். பன்னிரண்டாம் வயதில் பள்ளிப் பிள்ளைகளுடன் உலாச் சென்றபோது மலையேறியதே அவருடைய தொடக்கம். பட்டப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்த அவர், மலையேற்றத்தை வாழ்க்கைப் பணியாகக் கொள்ள விரும்பியதை வீட்டாரும் உறவினரும் ஏற்கவில்லை. எனினும் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிலையத்தில் பயின்றார். 1984-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அதன்பின் பல்லாண்டுகள் இளைஞர்க்கும் மகளிர்க்கும் பயிற்சியளிப்பதையே பணியாகக் கொண்டார். 2013-ஆம் ஆண்டில் உத்தராகண்டு பெருவெள்ளத்தில் மலைக்கிராமங்கள் துண்டிக்கப்பட்டபோது, மலையேறப் பழகிய தம் குழுவினருடன் சென்று நிவாரணப் பணி புரிந்தார்.

கொடுக்கும் மனம் எங்ஙனம் உண்டாகிறது?

இவ்வரலாறுகளிலிருந்து மூன்று உண்மைகளைப் பெறுகிறோம். தன்னால் ஒன்று இயலும் என்று அறிந்தவனே பிறர் துயரைக் கண்டு, நாம் ஏதேனும் செய்யலாம் என்று துணிகிறான். தன்னம்பிக்கை இல்லாதவன் இரக்கம் இருந்தும் ஒதுங்கிச் செல்கிறான். இது முதலாவது. கேள்வியால் அறிந்த துன்பத்தினும், கூடவே இருந்து கண்ட துன்பம் மனத்தில் நிற்கிறது. தண்ணீருக்காகக் குடம் சுமந்து நடந்த மாணவி அதனை எளிதில் மறவாள். இது இரண்டாவது. யாரோ ஒருவர் நேரமும் பொருளும் செலவிட்டுத் தன்னை வளர்த்தனர் என்று உணர்ந்தவன், அடுத்த தலைமுறைக்கு அதனைத் திருப்பித் தர விழைகிறான். இது மூன்றாவது.

ஈகை என்பது பணம் கொடுத்தல் மட்டும் அன்று. நேரம் கொடுத்தல், கற்ற தொழிலைக் கற்பித்தல், குருதி வழங்குதல், ஊர்ப்பள்ளிக்குத் துணை நிற்றல் ஆகிய அனைத்தும் ஈகையே. முன்னாள் மாணவரும் பிறரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவும் பொருட்டு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஊர்ப்பணிகளில் மக்கள் பங்கேற்க ‘நமக்கு நாமே’ திட்டமும் உளது. இத்திட்டங்கள் வாய்க்கால் போன்றவை. வாய்க்காலில் ஓடும் நீராகிய கொடை மனம் இளமையிலேயே சுரக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

நம் கிராமங்களுக்கு வரும் முகாம்களுள் பெரும் பகுதி நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சார்ந்தவை. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் இத்திட்டம் தொடங்கப்பெற்றது. இதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றுவதுடன், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்குகின்றனர். காலம் குறுகியது, ஆதலின் ஒவ்வொரு நாளும் பயனுற அமைதல் வேண்டும். சில ஊர்களில் ஏற்கெனவே துப்புரவான தெருவையே மாணவர்கள் மீண்டும் பெருக்குவதும், மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசிப் படம் எடுத்துக்கொள்வதும், பகல் முழுதும் சொற்பொழிவுகளைக் கேட்டு அமர்ந்திருப்பதும் காணப்படுகின்றன. இவற்றால் ஊரும் பயனடையாது, மாணவரும் வளரார். இதனைத் தவிர்க்கக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, ஊருக்கு மெய்யாகவே தேவையான, ஏழு நாளில் முடிக்கத்தக்க பணி ஒன்றைக் கிராம சபையிலேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஏரியின் வரத்துக் கால்வாயில் ஒரு பகுதியைத் தூர்வாருதல், கரையில் பனங்கொட்டை ஊன்றுதல், வீடுதோறும் சென்று குடிநீர் நிலையைக் கணக்கெடுத்தல் போன்றவை ஏற்றவை. முகாம் இல்லாவிடினும் இப்பணியை நாம் செய்திருப்போமா என்று கேட்டுக்கொண்டால், பணி மெய்யானதா என்பது விளங்கிவிடும்.

இரண்டாவது, மாணவர்களை ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிக்குமாறு திட்ட அலுவலரை வேண்டலாம். சமையல், துப்புரவு, கருவிகளின் பொறுப்பு, கணக்கு ஆகியவற்றை அணிகள் முறைவைத்து ஏற்க வேண்டும். தவறு நேர்ந்தால் நாம் உடனே குறுக்கிடாமல் அவர்களே திருத்திக்கொள்ள இடந்தருதல் நன்று.

மூன்றாவது, ஊர்ப் பெரியவர்களை ஆசிரியர்களாக்குதல் வேண்டும். மதகைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி, விதை தேர்ந்தெடுக்கும் மூதாட்டி, பனையேறும் தொழிலாளி ஆகியோர் அறிந்தவை எந்த வகுப்பறையிலும் கிடைப்பதில்லை. இவர்களிடம் கற்கும் மாணவன் உழைப்பாளியை மதிக்கக் கற்கிறான்.

நான்காவது, நம் ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும் வந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்தல் வேண்டும். அவர்கள் வேடிக்கை பார்த்து நிற்பாராயின், முகாமின் நன்மை முழுதும் வெளியூருக்கே போய்விடும். எச்சாதியினராயினும் எத்தெருவினராயினும் ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே அணியில் உழைக்கவும் வாய்ப்பளித்தல் பஞ்சாயத்தின் கடமை.

ஐந்தாவது, பாதுகாப்பு. ஏரி, கிணறு, கல்குவாரி ஆகிய இடங்களில் நீராட எக்காரணம் கொண்டும் இடந்தரலாகாது. முதலுதவிப் பெட்டியை ஆயத்தமாக வைப்பதோடு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு முன்னரே தெரிவித்து, 108 ஊர்தி வரும் வழியையும் பார்த்து வைத்தல் வேண்டும். மாணவியர் தங்குமிடத்தில் தாழிடக்கூடிய கதவும், விளக்கும், தனிக் கழிப்பறையும் இருத்தல் வேண்டும். பெண் ஆசிரியர் உடன் தங்குதல் இன்றியமையாதது. இவை செம்மையாக இருக்குமாயின், பெற்றோரின் அச்சத்திற்குப் பெரும்பாலும் இடமிராது.

ஆறாவது, மாலைதோறும் அனைவரும் வட்டமாக அமர்ந்து, அன்று கற்றதையும் பட்ட இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். செய்த செயலை எண்ணிப் பார்க்கும்போதே அது அறிவாகிறது. பேசக் கூசும் பிள்ளைக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்.

ஏழாவது, முகாம் முடிந்தபின் தொடர்பை விடலாகாது. மழை பெய்து, தூர்வாரிய கால்வாயில் நீர் வந்ததும் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஏரி நிரம்பிய நாளில் மாணவர்களை அழைத்துக் காட்டலாம். தாம் உழைத்த உழைப்பு நீராக ஓடுவதைக் கண்ட இளைஞன் அவ்வூரைத் தன் ஊராகவே கருதுவான். அவனிடம் நன்கொடை கேட்க வேண்டுவதில்லை. முகாமுக்குச் செலவான தொகையைக் கிராம சபையில் படித்துக் காட்டுதலும் நன்று. கணக்குத் தெளிவாக உள்ள இடத்திற்கே கொடையாளர் துணிந்து கொடுப்பர்.

இக்காலத்தில் நம் கிராமத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டணம் செல்கின்றனர். சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். அவர்கள் உள்ளத்தில் ஊர் நிலைத்திருக்குமா, வெறும் பிறந்த இடமாக மறக்கப்படுமா என்பது அவர்கள் இளமையில் ஊருக்காக ஏதேனும் செய்தனரா என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஏரிக்கரையில் இன்று ஊன்றும் பனங்கொட்டை பயன்தரப் பல ஆண்டுகள் செல்லும். ஊன்றியவர் அதன் நுங்கை உண்ணாமலும் போகலாம். ஆயினும் நாம் ஊன்றத்தான் செய்கிறோம். முகாமும் அத்தகையதே. ஆகவே அடுத்த முறை முகாம் வேண்டிக் கடிதம் வரும்பொழுது, பஞ்சாயத்து அன்பர்கள் இடம் கொடுப்பதோடு நில்லாமல், நல்ல பணியையும் நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுப்பார்களாக.